உப்புக் கசிந்த நாளில் ஒட்டிய வயல்

போன கிழமை அலுவலகத்திலிருந்து கௌசி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் படவரைஞர் அவள்.

“அக்கா, கமக்காரர் மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கினம். மேசையில கிடக்கிற அந்தக் குளத்து மாதிரியையும் துப்புரவாக்கச் சொல்லியிருக்கினம். அதில வாய்க்கால் முடியிற மூலையில ஒரு துண்டு மட்டும் வேற நிறமாக் கிடக்கு, ஒட்டுப் போட்டது மாதிரி. அதை வெட்டியெடுத்துப்போட்டுப் புதுசாச் செய்து வைக்கட்டோ? மெஷினில குடுத்தா ஒரு பகலில வந்திடும்.”

“அதில மட்டும் கை வைக்காதையும் பிள்ளை.”

“ஏனக்கா?”

“எழுதித் தாறன்.”

ஓய்வு பெற்ற ஆளிடம் ஏன் என்று கேட்டால் இப்படித்தான் வந்து முடியும். கௌசி ஒரு வரியில் பதில் எதிர்பார்த்திருப்பாள். நான் கொப்பி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் படவரைஞராகத்தான் இந்த வேலைக்குள் வந்தேன். வவுனியாவில் இரண்டு வருடம் படித்தேன். அதில் பென்சில் சீவப் பழகியதே ஒரு மாதம் இருக்கும். பிறகு யுத்தம், இடப்பெயர்வுகள். எதையெதை விட்டுவிட்டு ஓடினோம் என்று எழுதினால் இந்தக் கொப்பி போதாது. வரைகருவிப் பெட்டியை மட்டும் எப்படியோ கொண்டு திரிந்தேன். ஊர் திரும்பி, கிளிநொச்சியில் குளத்து வேலைகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் மறுபடியும் மேசை கிடைத்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது.

குளங்களைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு வேலைக்கும் முன் ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு வரைபடத்தை விரித்துக் காட்டுவோம். சனம் மரியாதைக்காகப் பார்க்கும், தலையாட்டும், பிளேன்ரீ குடிக்கும், எழும்பிப் போய்விடும். சம உயரக் கோடுகளைப் பார்த்து எது மேடு எது பள்ளம் என்று சொல்ல எங்கள் அலுவலகத்திலேயே நாலு பேரால்தான் முடியும். ஆகவே குளத்தையும் வாய்க்காலையும் வயலையும் சிறிதாக்கி, அச்சொட்டாக ஒரு மாதிரி செய்து மேசையில் வைத்தால் எல்லோருக்கும் விளங்கும் என்று எங்கள் எஞ்சினியர் அருளானந்தம் சேர் முடிவெடுத்தார். பொறுமையான ஆள் ஒருவர் வேண்டும் என்று சுற்றிப் பார்த்தவர் என்னிடம் வந்து நின்றார்.

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சோறு அவிய முதல் நாலு தரம் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். என் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். சேரிடம் மறைக்கவில்லை.

“எனக்குப் பொறுமை இல்லை சேர்.”

“பழகும்,” என்றார். அதுதான் நேர்முகப் பரீட்சை.

சேர் ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவைத் தாண்டி வருவார். அதிகம் கதைக்கமாட்டார். ‘சரி’ என்றோ ‘பிழை’ என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காலையில் எங்களுக்கு முன்னமே வந்து, உள்ளங்கையின் ஓரத்தால் மாதிரியை மெல்லத் தடவிக்கொண்டு போவார். எங்கே சந்தேகம் வருகிறதோ அங்கே ஒரு தீக்குச்சியை எடுத்து வைப்பார். புகைக்காத மனிதர், இதற்காகவே சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. நாங்கள் வந்து பார்த்தால் குச்சி கிடக்கும். என்ன சேர் என்று கேட்டால், “பாரும்,” என்பார். பார்த்தால் பிழை தெரியும், கூடவே வெட்கமும் வரும். ஒருநாள் ஒரே மூலையில் ஏழு குச்சி கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருடைய இன்னொரு ஏற்பாடு உப்புத் தட்டு. ஆனையிறவில் இறங்கிக் கல்லுப்பு வாங்கி, ஒரு பீங்கான் தட்டில் போட்டு, வேலை அறையின் ஜன்னலோரம் வைத்திருந்தார். காலையில் வந்ததும் முதல் வேலை அந்த உப்பைத் தொட்டுப் பார்ப்பது. பொலபொலவென்று இருந்தால் ஒட்டலாம். விரலில் ஈரம் பட்டால் அன்றைக்கு மட்டை வெட்டலாம், வர்ணம் கலக்கலாம், மரம் செய்யலாம், ஒட்டக்கூடாது. காற்றில் ஈரம் இருக்கும்போது மட்டையும் அதைக் குடிக்கும். பசையின் ஈரமும் சேர்ந்தால் ஊதிவிடும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லவேண்டும். பயப்படவேண்டாம், சின்னக் கணக்குத்தான். தரையில் இரண்டு கிலோமீற்றர் தூரம் எங்கள் மேசையில் ஒரு மீற்றர். உயரத்தையும் அதே கணக்கில் சிறிதாக்கினால் வன்னி நிலம் பாய் விரித்தது மாதிரித் தட்டையாகக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. அதனால் உயரத்தை மட்டும் இருபது மடங்கு கூட்டிக் காட்டுவோம். அந்தக் கணக்கில் மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் பத்துச் சென்ரிமீற்றர். வயலுக்குத் தண்ணீர் ஏறுவதும் ஏறாததும் அந்தப் பத்துச் சென்ரிமீற்றரில்தான் இருக்கிறது.

வேலை இப்படி. இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பான மட்டையில் சம உயரக் கோட்டைப் பதிந்து, சவர அலகால் வெட்டவேண்டும். அலகைத் தள்ளக்கூடாது; மட்டையைத்தான் திருப்பவேண்டும். வெட்டியதைப் பசை பூசி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடதாசி சுற்றிய செங்கற்களைச் சுமையாக வைக்கவேண்டும். ஒரு மட்டைக்கு ஒரு நாள். ஐந்து மட்டைக்கு ஒரு தரம் தடிப்பை அளக்கவேண்டும். எல்லாம் ஏறிய பிறகு படிக்கட்டு மாதிரித் தெரியும் விளிம்புகளை மரத்தூளும் பசையும் குழைத்து நிரவி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, வர்ணமும் அதன்மேல் வார்னிஷும் பூசவேண்டும். தென்னந்தும்பைச் சாயத்தில் தோய்த்து மரங்கள். ஈர்க்கு நுனியில் பனைகள். வீடுகள் எள்ளளவு. முதல் முதல் செய்த மாதிரியில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் தன்னுடைய கொட்டிலைக் கண்டுபிடித்துவிட்டு, “வாசல் வடக்கை எல்லோ, நீங்கள் கிழக்கை வச்சிருக்கிறியள்,” என்றார். போய்ப் பார்த்தேன். வடக்குத்தான்.

செங்கல்லை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. காய்ந்துவிட்டதா என்று ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பேன். தூக்கினால் காற்றுப் புகுந்து அந்த மூலை எழும்பும். அடுத்த நாள் அங்கே குச்சி கிடக்கும். மூன்று வருடத்தில் ஓரளவு திருந்தினேன் என்று நினைத்தேன்.

கௌசி கேட்ட மாதிரி, அக்கராயன் பக்கத்துக் குளம் ஒன்றுடையது. பெயர் எழுதவில்லை, அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்தக் குளத்தின் கீழ் இரண்டு விதமான சனம். வாய்க்காலின் தலைப்பக்கம், குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும். வாய்க்கால் முடியும் இடத்தில் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய பதினொரு குடும்பங்கள். சண்டை சச்சரவு என்று பெரிதாக இல்லை. ஆனால் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போய்ச்சேர நாலு நாள் எடுக்கும் என்பது வருடா வருடம் வரும் முறைப்பாடு. அது மேட்டுக்காணி, அதனால்தான் என்பது தலைப்பக்கத்தாரின் பதில்.

கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் இராது. இருக்கிற தண்ணீருக்கு எவ்வளவு நிலம் செய்யலாம், யார் யாருக்குப் பங்கு என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்த வருடம் குளம் மிகவும் இறங்கிவிட்டது. சித்திரையில் நடக்கவேண்டிய கூட்டத்தைப் பத்து நாள் முன்னுக்கு இழுத்தார்கள். மாதிரியும் அன்றைக்கு மண்டபத்துக்கு வரவேண்டும் என்றார்கள். பதினாலு மாதமாகச் செய்துகொண்டிருந்த மாதிரியில் ஒரு மூலை மட்டும் மிச்சம். வாய்க்கால் முடியும் மூலை.

சேர் லீவில் இருந்தார். அவருடைய மனைவிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. போகும்போது, “உப்பைப் பாரும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தேன். பங்குனிக் கடைசியில் யாரும் எதிர்பாராத மழைக்குணம், தூறலும் புழுக்கமுமாக நாலு நாள். உப்புத் தட்டில் தண்ணீரே கட்டி நின்றது. கூட்டத்துக்கு ஐந்து நாள். நான் தட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு ஒட்டத் தொடங்கினேன். நாளுக்கு ஒரு மட்டை என்றிருந்ததை ஐந்தாக்கினேன். காய்வதற்கு வீட்டிலிருந்து ஸ்திரிக்கைப் பெட்டி கொண்டுவந்து மேலால் தேய்த்தேன். மேலே தொட்டுப் பார்த்தால் நன்றாகக் காய்ந்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டைக்குத்தான் தெரியும். தடிப்பை அளக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வர்ணம் பூசி, வார்னிஷ் பூசி, ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

கூட்டத்தன்று மாதிரியைக் கண்டு சனம் அசந்துபோனது. கைதட்டினார்கள். கோயிலில் சுற்றுவது மாதிரி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் அன்றைக்குக் கொஞ்சம் மிதப்பில்தான் நின்றேன், ஏன் பொய் சொல்லவேண்டும்.

கமக்காரர் அமைப்புத் தலைவர் சண்முகநாதன் அண்ணை குனிந்து, வாய்க்கால் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். அறுபது வயது, நியாயமான மனிதர். கடைசி மூலையில் விரல் நின்றது.

“இஞ்ச பாருங்கோ. நாங்கள் எவ்வளவு காலமாச் சொல்லுறம். அங்கை மேடு. தண்ணி ஏறித்தான் போகவேணும். பாத்தாலே தெரியுதெல்லோ.”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தாலே தெரிந்தது.

பின்வரிசையிலிருந்து லெட்சுமி அக்கா எழும்பினார். கடைசி வயல் அவருடையது. அந்தப் பதினொரு குடும்பத்துக்கும் போன மழைக்காலத்துக் காலபோக நெல் நோயில் போய்விட்டது. சிறுபோகமும் இல்லையென்றால் அடுத்த மாசி வரைக்கும் வீட்டில் நெல் இல்லை.

“அது மேடு இல்லீங்க மிஸ். எங்க வயல்ல தண்ணி வந்து நின்னதை நான் கண்ணால பார்த்திருக்கேன். மேடா இருந்தா எப்புடி நிக்கும்?”

என்னைத்தான் கேட்டார். நான் பதில் சொன்னேன். இருபது வருடத்தில் நான் சொன்னவற்றில் எதைத் திருப்பி எடுக்கலாம் என்று கேட்டால், இதைத்தான் எடுப்பேன்.

“அக்கா, இது அளந்து செய்தது. கண் பிழைக்கும், அளவு பிழைக்காது.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கை உயர்த்தச் சொன்னார்கள். தண்ணீர் ஏறாத காணிக்குப் பங்கு கொடுத்துத் தண்ணீரை வீணாக்க முடியாது என்று முடிவாயிற்று. பதினொரு குடும்பமும் அந்தப் போகத்தில் இல்லை.

அடுத்த நாள் காலை, மாதிரியில் பட்டிருந்த கைரேகைகளைத் துடைக்க ஈரத்துணியோடு மண்டபத்துக்குப் போனேன். துணியைச் சரியாகப் பிழியவில்லை. கடைசி மூலையில், வாய்க்காலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. துடைக்கக் குனிந்தேன். அந்தச் சொட்டு ஓடத் தொடங்கியது. கடைசி வயலை நோக்கி அல்ல, குளத்தை நோக்கி.

குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகும். எந்த ஊரிலும் வாய்க்கால் தண்ணீர் குளத்துக்குத் திரும்பி ஓடாது. மேசையின் மட்டம் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்த மூலை மாதிரியின் விளிம்பில் இருந்ததால் மட்டை அடுக்கு வெளியே தெரிந்தது. எண்ணினேன், பதினாலு. முப்பத்தைந்து மில்லிமீற்றர் இருக்கவேண்டும். முப்பத்தெட்டரை இருந்தது. லெட்சுமி அக்காவின் வயலை நான் நிலத்திலிருந்து ஓர் அடிக்கு மேல் தூக்கி வைத்திருந்தேன்.

பையிலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அதில் எண்கள் எல்லாம் ஒழுங்காக, இறங்குமுகமாகவே இருந்தன. முதல்நாள் அதை யாரும் விரிக்கவில்லை, நானும் விரிக்கவில்லை. இவ்வளவு அழகான மாதிரி முன்னால் இருக்கும்போது எண்ணை யார் பார்ப்பது?

அலகைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொல்லவேண்டும். முதலில் எனக்கு லெட்சுமி அக்கா நினைவுக்கு வரவில்லை. முதல்நாள் கைதட்டியவர்களின் முகங்கள்தான் வந்தன. மூலையை மெல்லச் சீவி, மறுபடி வர்ணம் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. மாதிரி திருந்திவிடும். முடிவு மட்டும் திருந்தாது.

அப்போது வாசலில் சேர். லீவு முடிந்து வந்தவர், மாதிரியைப் பார்க்க நேரே மண்டபத்துக்கே வந்திருக்கிறார்.

“என்ன செய்யிறீர்?”

சொன்னேன். உப்புத் தட்டை அலுமாரிக்குள் வைத்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். அவர் உள்ளங்கை ஓரத்தால் அந்த மூலையைத் தடவினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை எடுக்கவில்லை, பெட்டியை அப்படியே என்னிடம் நீட்டினார்.

“நீரே வையும்.”

ஊதிய மூலையில் வைத்தேன்.

“பொங்கல் எண்டைக்கு?”

“நாளையிண்டைக்கு சேர்.”

நடுவில் ஒரே ஒரு நாள். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குளத்தில் ஒரு வழக்கம். சிறுபோகத்துக்குத் துருசு, அதாவது குளத்து மதகு, திறக்கும் காலையில் துருசடியில் பொங்கல். தண்ணீர்ப் பங்கு உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சிறங்கை பச்சையரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போடுவார்கள். பங்கு இல்லாதவர்கள் போடுவதில்லை. பானை பொங்கிவிட்டால் அந்தப் போகத்துப் பங்கு முடிந்தது. பிறகு எஞ்சினியர் வந்து சொன்னாலும் மாற்றமாட்டார்கள்.

“அப்ப நாளைக்குக் கூட்டம். அதை வெட்டாதையும். ஆக்கள் பாக்கட்டும்.”

“நீங்கள் சொல்லுவியளோ சேர்?”

“ஒட்டினது நானோ?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மண்டபம் நிறைந்திருந்தது. முடிந்த கூட்டத்தைத் திரும்பக் கூப்பிட்டதில் சனத்துக்குச் சினம். நான் எழும்பி, ஒரு தேக்கரண்டித் தண்ணீரைக் கடைசி மூலை வாய்க்காலில் விட்டேன். அது குளத்தை நோக்கி ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

“மேடு நிலத்தில இல்லை. நான் செய்ததில. உப்புக் கசிஞ்ச நாளில ஒட்டினனான். மட்டை ஊதிட்டுது. லெட்சுமி அக்கா சொன்னதுதான் சரி.”

சண்முகநாதன் அண்ணை எழும்பினார்.

“மிஸ், முந்தநாள் கண் பிழைக்கும் அளவு பிழைக்காது எண்டியள். இண்டைக்கு அளவு பிழைச்சுப்போச்சுது எண்டுறியள். பதினொரு குடும்பத்துக்கும் குடுக்கிறதெண்டால் எங்கட பங்கிலதான் குறையும். நாங்கள் எதை நம்புறது?”

அவர் கேட்டதில் பிழையில்லை. சேர்தான் கடைசிக் கதிரையிலிருந்து எழும்பினார்.

“என்னையும் நம்பவேண்டாம், அவவையும் நம்பவேண்டாம். வாங்கோ, போய்ப் பாப்பம்.”

அரைவாசிச் சனம் சைக்கிளிலும் உழவு இயந்திரப் பெட்டியிலுமாக வந்தது. மட்டம் பார்க்கும் கருவியை முக்காலியில் பூட்டி, வாய்க்கால் திரும்பும் இடத்துக்கும் லெட்சுமி அக்காவின் வயலுக்கும் நடுவில் வைத்தோம். சேர் அதில் கண் வைக்கவில்லை. சண்முகநாதன் அண்ணையைக் கூப்பிட்டு, குழாய்க்குள் பார்த்து எண்ணை வாசிக்கச் சொன்னார். அளவுத்தடியைப் பிடிக்க லெட்சுமி அக்கா வந்தார். முதலில் வாய்க்கால் அடியில் பிடித்தார், பிறகு தன் வயலுக்குள் இறங்கிப் பிடித்தார். தடி ஆடக்கூடாது என்று சொன்னேன். அது கொஞ்சமும் ஆடவில்லை.

தடி பள்ளத்தில் நின்றால் எண் கூடும் என்று சேர் முதலே விளக்கியிருந்தார். சண்முகநாதன் அண்ணை முதல் எண்ணைச் சொன்னார். இரண்டாவதைச் சொல்ல முதல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். கூடித்தான் இருந்தது. வாய்க்கால் அடியைவிட ஒரு சாணுக்கு மேல் வயல் தாழ்வு.

அவர் நிமிர்ந்து, வாய்க்காலின் தலைப்பக்கத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய வயலும் இருந்தது. கடைசி வயல் மேடில்லையென்றால் தண்ணீருக்கு நாலு நாள் ஏன் எடுத்தது என்று அவர் யோசித்திருக்கவேண்டும். யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

“தங்கச்சி,” என்று லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டார். “நாளைக்கு விடிய அரிசி கொண்டு வாங்கோ. பதினொரு வீட்டுக்காரரும்.”

பொங்கலுக்கு நானும் போனேன். போகாமல் இருக்க மனம் கேட்கவில்லை, போய் நிற்கவும் கூசியது. தலைப்பக்கத்தார் போட்ட பிறகு அந்தப் பதினொரு பேரும் வரிசையாக வந்து அரிசி போட்டார்கள். லெட்சுமி அக்கா கடைசி. சிறங்கையைத் திறந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த அரிசியையும் தட்டிவிட்டு, நேரே என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

“நீங்க தப்பை ஒத்துக்கிட்டது பெரிய விசயம் மிஸ். அது எனக்குத் தெரியுது. ஆனா அன்னைக்கு என்னைப் பேச விடல நீங்க.”

“ஓம் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும். இனிமே யாராச்சும் கண்ணால பார்த்தேன்னு சொன்னா, ஒருவாட்டி போய்ப் பாருங்க.”

அந்த மூலையை நான் உடனே திருத்தவில்லை. வைகாசியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று எழும்பி, உப்பு மணல் மாதிரிக் காயும் வரை காத்திருந்தேன். பிறகு மூலையைச் சதுரமாக வெட்டியெடுத்து, புது மட்டை, நாளுக்கு ஒன்றாகப் பதினாலு நாள் ஏற்றினேன். ஒவ்வொரு நாளும் அளந்தேன். பழைய வர்ணம் தீர்ந்துபோயிருந்தது. கடையில் வாங்கியது அதே பச்சை என்றார்கள், பூசிய பிறகு அது வேறு பச்சை. முழுவதற்கும் பூசிவிடட்டோ என்று சேரிடம் கேட்டேன். “கிடக்கட்டும்,” என்றார். மாதிரியை மண்டபத்தில் வைத்தபோது தன்னுடைய தீப்பெட்டியையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். யாருக்கு எங்கே சந்தேகமோ, கூட்டத்துக்கு முன் வந்து குச்சி வைக்கலாம். குச்சி கிடக்கும் இடத்தைப் போய் அளந்துவிட்டுத்தான் கூட்டம். இன்றும் அங்கே அப்படித்தான் நடக்கிறது.

கௌசி, மெஷினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது ஊதாது, அவசரப்படாது, கைதட்டுக்கு மயங்காது. நான் வேலையில் இருந்தபோது வந்திருந்தால் முதல் ஆளாக நின்று வாங்கியிருப்பேன். வேறு எந்த மூலையையும் அதில் செய்யும். தீப்பெட்டி தீர்ந்தால் வாங்கி வையும். இந்தத் துண்டை மட்டும் விடும். ஏனென்றால் அது ஒரு ஒட்டு அல்ல, இரண்டு. இரண்டாவதைப் பற்றி நான் இதுவரை சேரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

புரட்டாசியில், காலபோகக் கூட்டத்துக்கு முதல் நாள், கதிரை அடுக்க மண்டபத்துக்குப் போயிருந்தேன். மாதிரியில் ஒரே ஒரு தீக்குச்சி. நான் புதிதாகச் செய்த சதுரத்தின் நட்டநடுவில். வெளியே வேப்பமரத்தடியில் லெட்சுமி அக்கா நின்றார்.

“ஆர் அக்கா இதை வச்சது?”

“நான்தாங்க.”

எனக்குச் சுரீரென்றது. பதினாலு நாள் ஒவ்வொன்றாக அளந்து ஏற்றியது.

“இப்பவும் மேடோ?”

“ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க.”

விட்டேன். சொட்டு வாய்க்காலில் ஓடி, அவருடைய வயலில் இறங்கி, அங்கேயே நின்றது.

“தேங்குது பாருங்க. எங்க வயல்ல வந்து நிக்கும், ஆனா தேங்காது. ரெண்டு நாள்ல அந்தப் பக்கமா வடிஞ்சிடும். நீங்க பள்ளமாப் பண்ணிட்டீங்க.”

அளந்தேன். முக்கால் மில்லிமீற்றர் குறைவு. மட்டையில் பிழையில்லை. கடைசியில் நிரவித் தேய்க்கும்போது, அந்த வயலை மட்டும் நான் அதிகம் தேய்த்திருக்கிறேன். தெரியாமல் தேய்த்தேனா, என் கை தெரிந்தே தேய்த்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல முடியாது.

பங்கு பிரிக்கையில் தாழ்வான காணிக்குத்தான் முதல் தண்ணீர். அந்தக் குளத்தில் அது தெரியாதவர்கள் இல்லை.

“பள்ளமா இருந்தா உங்களுக்கு நல்லதுதானே அக்கா?”

“நல்லதுதாங்க,” என்றார். “ஆனா அப்படி இல்லையே.”

அன்றைக்கே அந்தச் சதுரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். மழை பிடித்துவிட்டிருந்தது. உப்புக் காய்வதற்குப் பதினொரு நாள் காத்திருந்து, மேல் மட்டையை மாற்றி ஒட்டி, செங்கல் வைத்தேன். ஒரு தரம்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.